மாட்டும் இடம்

அலெக்சாண்ட்ரா சாலைக்குப் பின்னால்
மழைமரங்கள் மறைத்த கறுப்பு வெள்ளை பங்களா.
சுவரோடு ஒட்டியதையெல்லாம் எண்ணச் சொன்னார்கள்:
கதவுக் குமிழ், கீல், காற்றாடி மூடி.
க்வெக் பாஸ் கீழே லாரியில்.
மேலே நானும் ஹஃபீசாவும் அளவு டேப்பும்.

முன்கூடத்தில் ஆறு கொக்கிகள்.
பித்தளை. ஒவ்வொன்றும் ஒரு கொக்கின் தலை.
வார்த்தவன் தமிழ் அறிந்திருக்க வாய்ப்பில்லை,
ஏதோ குளிர்தேசத்துப் பட்டறையில் இருந்திருப்பான்;
ஆனாலும் கொக்கிக்குக் கொக்கு வைத்தானே
என்று சிரித்தேன்.
ஹஃபீசாவுக்கு மலாயில் விளக்கினேன்.
சிரிப்பு பாதி வழியில் செத்தது.

நான்காம் கொக்குக்கு அலகு இல்லை.
'சேதம்' என்று எழுதினேன்.
தரையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
எக்கி நின்றும் என் விரலுக்கு எட்டவில்லை.
அங்கே தொங்கியிருக்கும் சோலாத் தொப்பிகள்,
வெயிலுக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று,
வெயிலும் வேட்டையும் இல்லாத நாளில்
கையில் பிடித்துக்கொள்ள ஒன்று.

தரைப்பலகை இடுக்கிலிருந்து
ஹஃபீசா நீளமாய் எதையோ உருவினாள்.
ஒரு சாண் எஃகு, முனையில் கண்ணாடி முத்து.
"சத்தே குச்சியா?"
தொப்பி ஊசி, என்றேன்.
தொப்பியையும் கொண்டையையும் சேர்த்துக் குத்துவது.
"தலையில் குத்தாதா?"
குத்தாத அழகு எங்கே இருக்கிறது என்று சொல்ல
வாயெடுத்தேன். அவள் தூடோங்கில் மூன்று ஊசிகள்.
என் காதில் ஜிமிக்கி.
எழுதிக்கொள் என்றேன்: ஊசி, ஒன்று, துரு இல்லை.

பின்கட்டில், வேலையாள் அறைக் கதவின் பின்னால்
ஓர் ஆணி.
அடித்துவிட்டு மேல்நோக்கி வளைத்திருந்தார்கள்.
என் மூக்கு உயரம்.
அதன் கீழே சுவரில் தட்டகலக் கறை.
எத்தனை முறை வெள்ளையடித்தார்களோ,
எண்ணெய் அத்தனை வெள்ளையையும் குடித்துவிட்டு
மறுபடி வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது.
யாருடைய உருமாலோ இரவெல்லாம்
தலையை நினைத்துக்கொண்டு
தொங்கியிருக்கிறது.

முன்கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன்.
கொக்குகளின் பின்னால் சுவர் சுத்தம்.

"ஆணியை எழுதாதே," போனில் பாஸ்.
கறை?
"அது பெயிண்டுக்காரன் கணக்கு."
படிவத்தில் பொருள், உலோகம், காலம், நிலை, விலை
ஐந்து கட்டங்கள். ஐந்திலும் அதற்கு இடமில்லை.

மாட்டு, என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள் இந்த வீட்டில்.
தொப்பியை மாட்டு. கோட்டை மாட்டு. குடையை மாட்டு, சொட்டுகிறது.
அந்தச் சொல்லின் வாலைச் சற்று நீட்டினால்
மாட்டேன்.
ஆணியின் பக்கத்தில் நின்று
யாராவது முணுமுணுத்தார்களா?
தெரியாது. சுவர் கேட்டதை வைத்துக்கொள்வதில்லை,
எண்ணெயைத்தான் வைத்துக்கொள்கிறது.

யீஷூன், பதினொன்றாம் மாடி, வாடகை அறை.
சுவரில் துளை போடக்கூடாது என்பது வீட்டுக்காரியின் விதி.
ஆகவே கதவில் ஒட்டும் பிளாஸ்டிக் கொக்கி,
பாண்டா முகம், இரண்டு வெள்ளி,
அரைக் கிலோ தாங்கும் என்று அட்டை சொன்னது.
அதில் என் மஞ்சள் ஹெல்மெட், அடையாள அட்டைக் கயிறு,
அஞ்சுகத்தின் கைப்பை, அவள் துப்பட்டா,
போன தீபாவளிக்கு வாங்கிய பாசிமணி.
பாண்டா சிரித்துக்கொண்டே தாங்கியது.

விடிகாலை மூன்று மணிக்கு எல்லாம் விழுந்தது.
அஞ்சுகம் எழுந்து உட்கார்ந்தாள்.
ஹெல்மெட் அவள் தலையணை ஓரத்தில்
கவிழ்ந்த ஆமை போல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு,"
என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

பாசிமணிகளை இருட்டிலேயே பொறுக்கினேன்.
எழும்போது கை கதவில் பட்டது.
கொக்கி இருந்த இடம், வட்டமாய்,
பிசுபிசுத்தது.